விசேட பயிற்சியோடு குளோபல் ஹெல்த்தும் படிக்கலாமா? கொழும்பில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கொழும்பில் ஒரு அரசாங்க வைத்தியசாலையில் குழந்தை மருத்துவ நிபுணர். எம்.டி என்ற பட்டமேற்படிப்பை முடித்து, வெளிநாட்டுப் பயிற்சி வருடத்தையும் முடித்து, நிபுணர் என்று அங்கீகரிக்கிற போர்ட் சேர்டிபிகேட் கைக்கு வந்த பிறகு சம்பளமில்லா லீவு எடுத்துக்கொண்டு மலாவியில் ஒரு மாவட்ட வைத்தியசாலையில் பத்து மாதம் வேலை செய்தேன். அன்றிலிருந்து இன்டர்ன் முடித்த தம்பி தங்கச்சிமார் யாராவது வெள்ளவத்தைப் பக்கம் வந்தால், ஒரு பிளேன்டீயோடு என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்காமல் போவதில்லை. ஒரே பதிலை வொய்ஸ் மெசேஜில் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போய், இப்போது எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

அக்கா, நிபுணர் பயிற்சியோடு குளோபல் ஹெல்த்தையும் "சேர்த்துப் படிப்பது" என்றால் உண்மையில் என்ன?

முதலில் ஓர் ஆளைப் பற்றிச் சொல்கிறேன். 1971இல் வங்காளதேசப் போரின்போது இந்திய எல்லையில் இருந்த பங்கான் அகதி முகாமில் கொலரா பரவியது. சேலைன் போத்தல்கள் தீர்ந்துகொண்டிருந்தன. கல்கத்தாவிலிருந்து வந்திருந்த திலீப் மகாலனபிஸ் ஒரு குழந்தை மருத்துவர். உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளியின் வீட்டாரையே ஊட்டச் சொன்னார். முப்பது சதவீதமளவில் இருந்த இறப்பு, அந்தக் கரைசல் குடித்தவர்களிடம் நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்தது. நம் வீட்டு அலுமாரியில் கிடக்கிற ஜீவனிப் பக்கெட்டின் கதை அதுதான்.

குழந்தையின் உடலில் நீர் வற்றினால் என்ன நடக்கும் என்பது அவருக்கு வார்டிலிருந்து தெரியும். நர்ஸும் போத்தலும் இல்லாத இடத்தில் அந்த அறிவை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது வேறு அறிவு, அதைத்தான் குளோபல் ஹெல்த் என்கிறார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதைத்தான் சேர்த்துப் படிப்பது என்கிறோம்.

பாடத்திட்டமாகப் பார்த்தால் மூன்று விதம். ஒன்று, ரெசிடென்சி என்ற நிபுணர் பயிற்சிக் காலத்துக்குள்ளேயே கலந்திருப்பது. பொஸ்டனில் பிரிகம் வைத்தியசாலையில் ஹயாட் பெயரில் இருக்கிற பயிற்சி இதற்குப் பெயர் போனது. அமெரிக்காவில் பொது மருத்துவ ரெசிடென்சி மூன்று வருடம், அங்கே நான்கு. கூடுகிற காலமும், நடுவில் கிடைக்கிற மாதங்களும் களத்துக்கும் பொதுச் சுகாதாரப் படிப்புக்கும் போகும். ஹெயிட்டியின் கான்ஜ் கிராமத்துக்கும் பொஸ்டனுக்கும் இடையே மாணவப் பருவத்திலிருந்தே மாறி மாறிப் பறந்த போல் ஃபாமரும், அவரோடு 1987இல் பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்தைத் தொடங்கியவர்களும் இருந்த சூழலில் பிறந்த திட்டம் அது. ஃபாமர் 2022 பெப்ரவரியில் ருவாண்டாவின் புட்டாரோவில் காலமானபோதும் அங்கே கற்பித்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டாவது விதம், சாதாரண ரெசிடென்சிக்குள் "டிராக்" என்று சில மாதங்களை ஒதுக்குவது. மூன்றாவது, நிபுணரான பிறகு ஃபெலோஷிப்பாகவோ டிப்ளோமாவாகவோ செய்வது. நான் செய்தது மூன்றாவதைப் போல ஒன்று. அதற்குக்கூடப் பெயர் கிடையாது.

இது கம்யூனிட்டி மெடிசின்தானே?

இல்லை. ஆனால் அந்தச் சந்தேகம் நியாயமானது. நம் நிபுணர்களைப் பயிற்றுவிக்கிற பி.ஜி.ஐ.எம் நிறுவனத்தில் எம்.டி கம்யூனிட்டி மெடிசின் செய்பவர் மக்கள்தொகையையே நோயாளியாகப் பார்க்கப் பயிற்சி எடுக்கிறார். வார்ட் ரவுண்ட், ஒன்-கோல் எல்லாம் அவர் விட்டுவந்த விஷயங்கள். நாம் பேசுவது, ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றாமலே அந்தப் பார்வையையும் பழகுவது.

உங்களுக்கு நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதில் பெரிய ருசி இல்லை, கணக்கும் திட்டமும்தான் பிடிக்கும் என்றால், தயங்காமல் கம்யூனிட்டி மெடிசினுக்குப் போங்கள். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதார அலகு தொடங்கிய நாடு இது. அந்தத் துறையில் நமக்கிருக்கும் ஆழம் பல பணக்கார நாடுகளுக்கும் கிடையாது.

நாமே வளர்முக நாடு. வெள்ளைக்காரர் இங்கே வந்து படிக்கிறார்கள். நாம் ஏன் போக வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவரைத்தான் எனக்குப் பிடிக்கும்.

வருகிறார்கள், உண்மைதான். காலியில் றுகுணு பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் பல வருடங்களாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. டெங்கு, எலிக்காய்ச்சல் என்று நமக்குச் சலித்துப்போன நோய்களைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். உலகத்துக்குச் சொல்லிக்கொடுக்க நம்மிடமும் இருக்கிறது. பூச்சிக்கொல்லி குடித்து வந்தவர்களால் நம் மருத்துவ வார்டுகள் நிறைந்திருந்த காலத்தில், எந்தப் பூச்சிமருந்து குடித்தவர் பிழைக்கிறார், எது குடித்தவர் பிழைப்பதில்லை என்று வார்டிலேயே கணக்கெடுத்தார்கள். மிகக் கொடிய வகைகள் 1995 அளவில் தடையாகின, 1998இல் எண்டோசல்ஃபான், 2008இலிருந்து பராக்குவாட்டும் இன்னும் இரண்டும். 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை வீதம் அதன் பிறகு மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்தது. வார்டிலும் ஆய்வுகூடத்திலும் இருந்தவர்களின் கணக்கு வர்த்தமானியில் போய் முடிந்தது. இதை யாரும் அப்போது குளோபல் ஹெல்த் என்று சொல்லவில்லை.

அப்படியானால் ஏன் போக வேண்டும்? நாம் வென்ற நோய்களை நாமே மறந்துவிட்டோம் என்பதால். 1934-35 மலேரியாவில் இந்தத் தீவில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். 1963இல் வெறும் 17 நோயாளிகள்தான். முடிந்தது என்று கையைத் தளர்த்தினோம், அறுபதுகளின் முடிவில் அது லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. கடைசி உள்ளூர் நோயாளி 2012 அக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. வவுனியா, அநுராதபுரத்தில் வேலை செய்த பழைய ஆட்களுக்கு மலேரியா வாசனையிலேயே தெரியும் என்பார்கள். நான் எம்.டி எழுதும்வரை மலேரியாவைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

மலாவியில் முதல் வாரம், மூன்று வயதுப் பிள்ளை ஒன்று நினைவில்லாமல் வந்தது. நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க நமக்குப் பழக்கமான கிளாஸ்கோ கணக்கைப் போட்டுக்கொண்டு நின்றேன். அங்கே வார்டைப் பெரும்பாலும் ஓட்டுவது கிளினிக்கல் ஒஃபீசர்கள். டொக்டர் பட்டம் இல்லாத, ஆனால் சிசேரியன்கூடச் செய்கிற ஆட்கள். அப்படி ஒருவர் பக்கத்தில் வந்து, பேச்சு வராத வயதுக்கு ஏற்ற பிளான்டயர் கோமா ஸ்கேலைச் சொல்லித்தந்தார். ஐந்துக்குத்தான் புள்ளி. பிளான்டயர் மலாவியில் உள்ள நகரம். அந்த அளவுகோல் அங்கேதான் பிறந்தது. நான் கற்பிக்க வந்தவள் என்று மனதுக்குள் ஒரு சின்ன எண்ணம் இருந்திருக்க வேண்டும், அது அன்று மாலையே போய்விட்டது.

இன்றைக்குக் கொழும்பில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எல்லோரும் டெங்குவைத்தான் நினைக்கிறோம். நான் "தகப்பன் எந்த நாட்டிலிருந்து வந்தார், பிள்ளையும் கூடப் போனதா?" என்றும் கேட்கிறேன். கேட்கிற பழக்கம் மலாவியில் வந்தது.

எந்த விசேட துறை இதற்குப் பொருந்தும்? குழந்தை மருத்துவமும் பொது மருத்துவமும்தானா?

பழைய எண்ணம் அது. 2015இல் லான்செட் ஆணைக்குழு ஒன்று கணக்குப் போட்டு, உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான சத்திரசிகிச்சை எட்டாத தூரத்தில் இருக்கிறது, வருடத்துக்கு இன்னும் 14 கோடியே 30 லட்சம் சத்திரசிகிச்சைகள் தேவை என்று சொன்னது. ஒரு மாவட்ட வைத்தியசாலை உருப்படியா என்று பார்க்க அவர்கள் வைத்த சோதனையும் எளிமையானது: சிசேரியன், வயிற்றைத் திறக்கும் சத்திரசிகிச்சை, தோல் கிழிந்த எலும்புமுறிவு, இந்த மூன்றையும் செய்ய முடிகிறதா?

ஆகவே சத்திரசிகிச்சை, மகப்பேறு, இதற்கெல்லாம் மேலாக மயக்க மருத்துவம். அனஸ்தீசியா செய்கிற தங்கச்சிமாரிடம் நான் எப்போதும் சொல்வது, உங்களைத்தான் எல்லா இடத்திலும் தேடுகிறார்கள் என்று. அவசர மருத்துவமும் உளமருத்துவமும் அப்படியே. யுத்தத்தையும் சுனாமியையும் பார்த்த நாட்டில் உளமருத்துவத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

தோல் அழகு சிகிச்சை செய்துகொண்டே இதையும் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். தொழுநோய் கிளினிக் பக்கம் போய்ப் பாருங்கள் என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. இலங்கையில் தொழுநோய் இன்னும் வருகிறது, குழந்தைகளுக்கும் வருகிறது.

பி.ஜி.ஐ.எம் பயிற்சிக்குள் இதைச் செருக முடியுமா?

தனிப் பெட்டியாக இல்லை, ஆனால் இடுக்குகள் இருக்கின்றன.

நம் பாதை உங்களுக்குத் தெரியும்: தெரிவுப் பரீட்சை, ரெஜிஸ்ட்ராராக வார்டில் பயிற்சி, எம்.டி பரீட்சை, சீனியர் ரெஜிஸ்ட்ராராக மேற்பயிற்சி, பெரும்பாலான துறைகளுக்கு வெளிநாட்டில் ஒரு காலம், பிறகு போர்ட் சேர்டிபிகேஷன். இதில் மூன்று இடங்களில் கை வைக்கலாம்.

முதலாவது ஆராய்ச்சி. எத்தனையோ பேர் புரொஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடும்போது தங்கள் வார்டின் பைல் அடுக்கைத் தாண்டிப் பார்ப்பதில்லை. அதே தலைப்பை ஒரு எம்.ஓ.எச் (பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவோடு சேர்த்துச் செய்தால், பிள்ளை வார்டுக்கு வருவதற்கு முந்திய மூன்று நாட்களும் தெரியவரும். முதலில் எந்தப் பார்மசியில் மருந்து வாங்கினார்கள், ஏன் பஸ் பிடிக்கவில்லை, கூட வர யாரும் இருந்தார்களா. என்னைக் கேட்டால் குளோபல் ஹெல்த்தின் பாதிப் பாடம் இந்த மூன்று நாட்களில் இருக்கிறது.

இரண்டாவது, நாட்டுக்குள் எடுக்கிற போஸ்டிங். பரீட்சைக்கு வசதி என்று எல்லோரும் கொழும்பையே கேட்கிறார்கள். கேட்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, நானும் கேட்டவள்தான். ஆனால் ஆறு மாதமாவது நுவரெலியா, மொனராகலை, மன்னார், முல்லைத்தீவு மாதிரி ஓரிடத்தில் இருந்து பாருங்கள். ஒரு பிள்ளையை அம்புலன்ஸில் ஏற்றி அனுப்பும் முன் இத்தனை விஷயம் யோசிக்க வேண்டுமா என்று அங்கேதான் தெரியும்.

மூன்றாவது, வெளிநாட்டு வருடம். இங்கே பலர் கோட்டை விடுகிறார்கள். இங்கிலாந்திலோ அவுஸ்திரேலியாவிலோ பெரிய பெயருள்ள ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று போய்விடுகிறோம். அதே நகரத்தில் அகதிக் குழந்தைகளுக்கான கிளினிக்கோ, தொற்றுநோய்ப் பிரிவோ, பழங்குடி மக்களிடம் போய்வருகிற குழுவோ இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். உங்கள் துறையின் போர்டிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். கடைசி நிமிடத்தில் கேட்டால் "இல்லை" என்பதுதான் எளிதான பதில், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

பொண்ட் விஷயத்தையும் மறக்காதீர்கள். அரசாங்கச் சம்பளத்தோடு போகிறவர் திரும்பி வந்து சேவை செய்யக் கையெழுத்து வைத்திருக்கிறார், பின்னால் பிணை நின்றவர்களும் இருக்கிறார்கள்.

அமெரிக்க ரெசிடென்சி வழியாகப் போனால்?

கதவு இருக்கிறது. ஆனால் நீண்ட நடை. அமெரிக்க மருத்துவ அனுமதிக்கான யூ.எஸ்.எம்.எல்.இ பரீட்சைகள், வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான ஈ.சி.எஃப்.எம்.ஜி சான்றிதழ், அப்புறம் ரெசிடென்சி இடங்களைப் பங்கிடுகிற மார்ச் மாதத்து மேட்ச். ஸ்டெப் 1 பரீட்சைக்கு 2022 ஜனவரியிலிருந்து புள்ளி இல்லை, பாஸா பெயிலா என்பது மட்டும்தான். அதனால் பாரம் முழுக்க ஸ்டெப் 2க்கு ஏறிவிட்டது. இங்கே எம்.டி முடித்திருந்தாலும் அங்கே பெரும்பாலும் ரெசிடென்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே அந்த வழி வேண்டுமென்றால் இன்டர்ன் முடித்த கையோடு முடிவெடுப்பது நல்லது, முப்பத்தைந்தில் அல்ல.

விசா பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று. பயிற்சிக்குப் போகிறவர் பெரும்பாலும் ஜே-1 விசாவில் போகிறார். அதற்கு நம் சுகாதார அமைச்சிலிருந்து, இப்படியொரு நிபுணர் நாட்டுக்குத் தேவை, இவர் திரும்பி வருவதாக உறுதி தந்திருக்கிறார் என்று ஒரு கடிதம் வேண்டும். முடித்த பிறகு இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பதும் விதி. அமெரிக்காவிலேயே டொக்டர் தட்டுப்பாடுள்ள பகுதியில் வேலை செய்து அந்த விதியிலிருந்து விலக்குப் பெறவும் வழி உண்டு. குளோபல் ஹெல்த் படிக்கப் போய், திரும்பி வராமலிருக்க வழக்கறிஞரைத் தேடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவரவர் குடும்ப நிலைமை அவரவருக்கு. எனக்கு ஒரு சிரிப்பு மட்டும் வரும்.

இன்னொன்று. ஜே-1இல் இருக்கிற ரெசிடென்ட் மாதக்கணக்கில் மூன்றாவது நாடொன்றுக்குப் போய் வருவது, அமெரிக்கப் பிள்ளைகள் போய் வருவதைப் போல லேசானதல்ல. விசா முத்திரையைத் திரும்பக் குத்த வேண்டி வரலாம். நேர்காணலிலேயே "உங்கள் டிராக்கில் வெளிநாட்டுப் பட்டதாரிகள் களத்துக்குப் போயிருக்கிறார்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

இங்கிலாந்து?

பயிற்சி இடங்களுக்கு அங்கே இப்போது கடும் போட்டி. நம்மவர்கள் அதிகம் போவது வெளிநாட்டு டொக்டர்களுக்கான எம்.டி.ஐ என்ற பயிற்சித் திட்டத்தில். அதிகபட்சம் இரண்டு வருடம், பிளாப் என்ற தகுதிப் பரீட்சை எழுதத் தேவையில்லை, முடிந்ததும் திரும்ப வேண்டும். நமது வெளிநாட்டு வருடத்துக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

டி.டி.எம் அண்ட் எச் டிப்ளோமா செய்ய வேண்டுமா? எப்போது?

வெப்பமண்டல மருத்துவ டிப்ளோமாதான் இந்தத் துறையில் எல்லோரும் அடையாளம் காணும் கடதாசி. அதைக் கற்பிக்கிற லிவர்பூல் கல்லூரி 1898இலும் லண்டன் கல்லூரி 1899இலும் தொடங்கின. காலனிகளுக்கு அனுப்பும் டொக்டர்களைத் தயார்ப்படுத்தத்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. நேரில் போய்ப் படித்தால் இரண்டு இடத்திலும் ஏறத்தாழ மூன்று மாதம். லண்டன் கல்லூரி தன்சானியாவிலும் உகண்டாவிலும் ஒரு பதிப்பை நடத்துகிறது. கையில் நோயாளியோடு படிக்க அது எவ்வளவோ மேல். பாங்கொக்கில் மஹிடோல் பல்கலைக்கழகத்தில் ஆறு மாதம். பெருவின் லிமாவில் கோர்காஸ் கோர்ஸ் ஒன்பது வாரம்.

நமக்கு எது? பாங்கொக் என்பது என் கட்சி. சீதோஷ்ணமும் நோய்களும் நம்முடையவை, டிக்கெட்டும் மலிவு. எப்போது என்றால், நிபுணரான பிறகு. முன்னதாகச் செய்தால் பெயர்களை மனனம் செய்து மறந்துவிடுவீர்கள். முந்நூறு காய்ச்சல்களைப் பார்த்தவருக்குத்தான் முந்நூற்றோராவது காய்ச்சல் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்ற கேள்வி எழும்.

இரண்டு வாரம், ஒரு மாதம் என்று குறுகிய காலத்துக்குப் போவதில் பயன் உண்டா?

போகிறவருக்கு உண்டு. மற்றவர்களுக்கு என்ன பயன் என்பதுதான் என் கேள்வி.

நான் ரெஜிஸ்ட்ராராக இருந்தபோது எங்கள் வார்டுக்கு வெளிநாட்டுப் பயிற்சி டொக்டர்கள் சிலர் இரண்டு வாரத்துக்கு வந்தார்கள். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். நல்ல பிள்ளைகள், மரியாதை தெரிந்தவர்கள். ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா கைக்குழந்தையோடு வந்திருந்தார். ஒரு பயிற்சி டொக்டர் ஆங்கிலத்தில் கேட்க, நர்ஸ் அதைச் சிங்களத்தில் சொல்ல, நான் தமிழில் அந்த அம்மாவிடம் கேட்டேன். பதில் அதே வழியில் திரும்பிப் போனது. போய்ச் சேர்ந்தபோது "நாலு நாளாகப் பால் குடிக்கவில்லை" என்பது "நாலு தடவை பால் குடித்தது" என்று ஆகியிருந்தது. நான் திருத்தினேன். பிறகு குழந்தையோடு ஒரு போட்டோ. இரண்டாவது வெள்ளிக்கிழமை கேக் வெட்டிப் போய்விட்டார்கள். மறுநாள் அந்த அம்மா, "அந்த வெள்ளை டொக்டர் திரும்ப வந்து பார்க்கிறேன் என்று சொன்னாரே, எப்ப வருவார்?" என்று என்னிடம் கேட்டார்.

ஆகவே நான் வைத்திருக்கிற கணக்கு: ஆறு மாதத்துக்குக் குறையாமல், அல்லது குறைவான காலமென்றால் அதே இடத்துக்கு வருடா வருடம். முதல் இரண்டு மாதம் நீங்கள் அந்த வார்டுக்குச் சுமை. நீங்கள் பயன்படத் தொடங்குவது அதற்குப் பிறகு. இதைப் பற்றி 2010இல் ஒரு நிபுணர் குழு வழிகாட்டு நெறிகளே எழுதியது. அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம், போகிறவர், காசு கொடுப்பவர் என்று எல்லோருக்கும் கடமை சொல்கிறது. அதன் சாரத்தை நம் பேச்சில் சொன்னால், விருந்துக்குப் போகிறவன் வீட்டுக்காரனின் அரிசிப் பானையையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

மலாவியில் நீங்கள் செய்த பெரிய பிழை என்ன?

இதைக் கேட்டவள் ஒருத்திதான். அவள் நல்ல டொக்டராக வருவாள்.

கொழும்புப் பழக்கத்தில், வந்த பிள்ளைகளுக்கெல்லாம் இரத்தத்து உப்புகளைப் பார்க்கிற எலெக்ட்ரோலைட் டெஸ்ட் எழுதினேன். இரவில் லாபுக்கு ஒரே ஒரு ஆள். அவர் என் சீட்டுகளோடு போராடிக்கொண்டிருக்க, அடுத்த வார்டில் இரத்தம் ஏற்ற வேண்டிய இரண்டு பிள்ளைகளுக்கு இரத்தம் பொருந்துகிறதா என்று பார்க்கிற கிராஸ்மேச் பிந்தியது. தெய்வாதீனமாக இரண்டும் தப்பின. காலையில் அதே கிளினிக்கல் ஒஃபீசர் கோபமே இல்லாமல் கேட்டார்: "டொக்டர், இந்த ரிப்போர்ட் வந்திருந்தால் சிகிச்சையில் எதை மாற்றியிருப்பீர்கள்?" பன்னிரண்டு பிள்ளைகளில் இரண்டு பேருக்கு மாற்றியிருப்பேன். மற்றப் பத்துக்கும் பழக்கதோஷம்.

2022இல் இங்கே டொலர் இல்லாமல் மருந்துக்கும் பரிசோதனைக்கான ரீஏஜென்ட்டுக்கும் தட்டுப்பாடு வந்து, எதை எழுதலாம் எதை எழுதக் கூடாது என்று வார்ட் வார்டாகச் சுற்றுநிருபம் வந்தபோது, என்னோடு வேலை செய்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி ஏற்கெனவே பழகியிருந்தது.

எம்.எஸ்.எஃப் மாதிரி நிறுவனங்களில் சேர முடியுமா?

முடியும். "எல்லைகளற்ற மருத்துவர்கள்" நமக்குப் புதியவர்கள் அல்ல. 1986இலேயே இலங்கைக்கு வந்தவர்கள். 2009இல் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமருகே அவர்கள் போட்ட கள வைத்தியசாலையை வன்னியிலிருந்து வந்தவர்களில் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் மாணவியாக இருந்த காலத்தில் என் மாமி குடும்பத்தில் ஒருவருக்கு அங்கேதான் காலில் சத்திரசிகிச்சை நடந்தது. எனக்கு இந்த எண்ணமே அதில் தொடங்கியது என்று வேண்டுமானால் சொல்லலாம், ஆனால் அப்படிச் சொன்னால் கதைக்கு வசதியாக இருக்கிறது. உண்மையில் எனக்கு எம்.டி பரீட்சைக்குப் பிறகு கொழும்பு அலுத்துவிட்டது.

அவர்கள் கேட்பது வேலை அனுபவம், தனியாக முடிவெடுக்கும் துணிவு, மொழி. பிரெஞ்சு கொஞ்சம் தெரிந்தால் ஆப்பிரிக்காவின் பாதி திறக்கும்.

மொழி என்றதும் ஞாபகம் வருகிறது. தமிழ், சிங்களம் இரண்டும் தெரிந்தது இதில் உதவுமா?

உதவும், நீங்கள் நினைக்கிற விதத்தில் அல்ல. இரண்டு மொழிக்கு நடுவில் நின்று வேலை பார்த்தவருக்கு, நோயாளி தலையாட்டினால் அது விளங்கிவிட்டது என்று அர்த்தமில்லை என்பது தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து முதல் நியமனம் தெற்கில் கிடைத்து, உடைந்த சிங்களத்தில் "கோமத அம்மே?" என்று தொடங்கியவர்கள் எல்லோரும் இந்தப் பாடத்தைக் கற்றவர்கள்தான். மலாவியில் சிச்சேவா மொழியில் ஐம்பது சொல் படித்தேன். "வலிக்கிறதா", "எத்தனை நாள்", "மன்னித்துக்கொள்ளுங்கள்" மூன்றும் அதில் முதல் வாரத்துச் சொற்கள்.

செலவு?

மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். டிப்ளோமாக் கட்டணம் பவுணிலோ டொலரிலோ. 2022க்கு முன் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் அந்த வருடம் 360ஐத் தொட்டது. நம்மவர்களின் எத்தனையோ திட்டங்கள் அந்தச் சில மாதங்களில் கரைந்தன. களத்தில் நிறுவனங்கள் கொடுப்பது சாப்பாட்டுக்கும் சின்னச் சேமிப்புக்கும் போதும், வெள்ளவத்தை ஃபிளாட்டின் தவணைக்குப் போதாது. லோன் இருந்தால் முதலில் அதை ஒரு நிலைக்குக் கொண்டுவாருங்கள். கல்லூரிகளின் புலமைப்பரிசில்களுக்கு ஒரு வருடம் முன்பே விண்ணப்பியுங்கள்.

வீட்டில் விடுவார்களா?

என் அம்மா விடவில்லை. "இங்க இல்லாத வருத்தமா அங்க இருக்கு?" என்றார். பிறகு விமான நிலையத்துக்கு மிளகாய்த்தூளோடு வந்தார். சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் குடும்பத்தோடு இருக்கக்கூடிய இடத்தைத் தேடலாம். கற்பித்தல் வேலைகள் பெரும்பாலும் நகரங்களில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். வயதான பெற்றோர் உள்ள தனிப்பிள்ளைகளுக்கு நான் எந்த அறிவுரையும் சொல்வதில்லை.

திரும்பி வந்தால் இதற்கென்று ஒரு பதவி இருக்கிறதா?

இல்லை. நான் திரும்பி வந்து அதே குழந்தை மருத்துவ நிபுணர்தான். இடமாற்றப் பட்டியலில் பத்து மாதத்துக்குப் பெறுமதி கிடையாது. சீனியோரிட்டியில் என்னோடு படித்தவர்கள் சிலருக்குக் கீழே போனேன். ஆரம்பத்தில் கொஞ்சம் உறுத்தியது.

கிடைத்தது வேறு. மலாவியில் பபிள் சீபாப் என்ற மலிவான மூச்சுக் கருவியை நானே இயக்கப் பழகியிருந்தேன். திரும்பி வந்ததும் எங்கள் பிரிவிலிருந்து ஆதார வைத்தியசாலைகளுக்கு அனுப்பும் பயிற்சிக் குழுவில் சேர்த்தார்கள். அமைச்சின் கூட்டங்களில் எந்த மருந்தை அத்தியாவசியப் பட்டியலில் வைக்கலாம் என்று பேசும்போது இப்போது வாய் திறக்கத் துணிவு வருகிறது. பதவி என்று தேடுகிறவர்கள் யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் மாதிரி இடங்களைப் பார்க்கலாம். ஆனால் அங்கே வார்ட் இருக்காது, மேசைதான்.

இப்போதைக்கு எங்கும் போக முடியாது. இந்த மாதமே ஏதாவது தொடங்கலாமா?

சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் வெளியிடுகிற அறிக்கையை எடுத்து உங்கள் மாவட்டத்தின் வரியை மட்டும் பாருங்கள். ஐந்து நிமிடம். நாலு வாரம் பார்த்தால் உங்கள் வார்டுக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று ஊகிக்கத் தொடங்குவீர்கள்.

நாரஹேன்பிட்டியில் மலேரியா ஒழிப்பு இயக்கத்தின் தலைமையகம் இருக்கிறது. நாட்டில் மலேரியா மருந்து அவர்கள் வழியாகத்தான் வருகிறது. சொல்லிவிட்டுப் போனால் நுணுக்குக்காட்டியில் ஒரு ஸ்லைட் காட்டுவார்கள், நான் படத்தில் பார்த்ததை நீங்கள் நேரில் பார்க்கலாம்.

அப்புறம், லீவு நாள் ஒன்றில் பக்கத்து எம்.ஓ.எச் அலுவலகத்தில் அனுமதி கேட்டு, ஒரு மிட்வைஃபோடு வீடு வீடாகப் போய் வாருங்கள். கொட்டாஞ்சேனையில் "தோட்டம்" என்று சொல்கிற நெருக்கமான குடியிருப்புகளாக இருந்தால் இன்னும் நல்லது. ஸ்டெதஸ்கோப் தேவையில்லை. குடையும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோங்கள், அவர்கள் நடக்கிற வேகத்துக்கு உங்களுக்கு மூச்சு வாங்கும்.